இல்லத்தில் இன்னிசை

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் வாழும் தொடர்மாடி மனைகள் பலவற்றில் இன்று இலக்கமுறை இசைக்கருவி இடம்பெற்றுள்ளது. அதன் ஒலி செவிக்கு இனிமை பயவாதவிடத்து, விலைமிக்க புதுக்கருவி ஒன்றை நாடுதலே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் ஏற்புடையதன்று என்பதே நம் கருத்து. குறை பெரும்பாலும் கருவியிலன்று. இசை பதிவான மூலத்திலும், அது ஒலிக்கும் அறையிலுமே உள்ளது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர், மாதவி ஆடிய அரங்கு ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாய் அமைந்ததை அறிவர். கலைஞரின் திறத்தை மட்டும் நம்பாது, கலை நிகழும் இடத்தையும் அளந்து அமைத்தனர் நம் முன்னோர். நாமோ வெறுஞ்சுவரும், பளிங்குக்கல் பதித்த தரையும், கண்ணாடிச் சாளரமும் சூழ்ந்த கூடத்தின் மூலையில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, பாட்டின் சொல் தெளியவில்லையென வருந்துகின்றோம். அக்கூடத்தின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க. ஓசை அதிர்ந்து நீளுமாயின், பாடுவோர் குரலும் அவ்வாறே குழம்பும். தரைக்கு ஒரு விரிப்பும், சாளரத்திற்குத் தடித்த திரைச்சீலையும், சுவரோரம் நூல் நிறைந்த அலுமாரியும் அக்குழப்பத்தைத் தணிக்கும். ஒலிபெருக்கிகளை மூலையிலிருந்து முன்னே நகர்த்தினால் தாழ்ந்த ஓசையின் மிகைமுழக்கம் அடங்கும். அவையிரண்டும் கேட்போரும் சமபக்க முக்கோணமாய் அமைதல் நன்று.

இனி மூலத்தை நோக்குவோம். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒலியைச் செக்கனுக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கின்றது. செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரும் மனிதச் செவிக்கு இது போதியதே. ஆனால் 128 கிலோபிட் அளவிற்குச் சுருக்கிய எம்பி3 கோப்பில் இத்தரவின் பதினொன்றில் ஒரு பங்களவே எஞ்சும். நீக்கப்பட்டதை எத்துணை விலையுயர்ந்த கருவியும் மீட்டுத் தராது. கருவியே வேண்டா என்பது நம் வாதமன்று. மூலமும் அறையும் சீர்பெற்ற பின்னரே அதன் முறை வருதல் வேண்டும் என்பதே.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி மறைந்தது 1975இல். இறுவட்டு வந்தது அதற்கு ஏழாண்டுகள் கழித்து. அவர் காலத்துக் கலைஞரின் நாதம் ஒலிநாடாவிலும் இசைத்தட்டிலுமே தங்கிற்று. அத்தகைய நாடாக்கள் இன்றும் நம் இல்லங்களிற் கிடத்தல் கூடும். அவற்றை விரைந்து சுருக்கிய கோப்பாக மாற்றிவிட்டு, நாடாவை எறிந்துவிடுவோரும் உளர்.

அன்பர்காள்! நாடாவை இயக்குமுன், அதனை வாசிக்கும் முனையை மதுசாரம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, முனையின் சாய்வையும் சீர்செய்க. சுருக்காத கோப்பாகவோ, ஃபிளாக் போன்று இழப்பின்றிச் சுருக்கிய கோப்பாகவோ பதிந்து, ஈரிடங்களிற் காக்க. மூல நாடாவையும் பேணுக. ஆடிவேல் விழாக் காலத்திற் காலி வீதியில் நாதசுரமும் தவிலும் கேட்டு மகிழும் நம் மாணவர், முன்னைய மேதைகளையும் அவ்வாறே கேட்டு மகிழ்வது நாம் இன்று காக்கும் பதிவின் தரத்தைப் பொறுத்ததாகும். புதிய கருவியை நாளையும் வாங்கலாம். அழிந்த நாடாவை எக்கடையில் வாங்குவோம்?