மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா?

ஐ.நா. பொதுச் சபையின் அறிவிப்பை ஏற்று, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் தேதி சர்வதேச யோகா தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று காலை அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் பிராணாயாமம் கற்றுத்தரப்படும் வேளையில், வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே பாத்திகளில் இறங்கிய தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் தங்கள் வேலையில் பெரும்பகுதியை முடித்திருப்பார்கள்.

உடலுழைப்பாளர்களுக்கும் மூச்சுப் பயிற்சி சென்றுசேர வேண்டும் என்பது நல்ல எண்ணமே. மெதுவாகவும் சீராகவும் மூச்சுவிடுவது மனப்பதற்றத்தைத் தணிக்கிறது. ரத்த அழுத்தத்தை ஓரளவு குறைக்கவும் உதவுகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலேயே பிராணாயாமத்தைப் பேசிய மரபு நம்முடையது. ஆனால், யாருக்கு, எந்தச் சூழலில் என்று கேளாமல் எந்தப் பயிற்சியையும் பரிந்துரைக்க இயலாது.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது, சங்குகுளிப்பு தொடர்கிறது. மூச்சடக்கி மூழ்குபவர், அதற்கு முன் பஸ்திரிகா போல வேகமாக மூச்சு வாங்கினால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. 'மூச்சுவிடு' என்று உடலைத் தூண்டும் எச்சரிக்கை மணி அந்த வாயுவே. மணி ஒலிக்காததால், நீருக்கடியிலேயே நினைவிழக்க நேரிடும். படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய்வழி வரும் காற்றைச் சுவாசிப்பவருக்கோ, மேலேறும்போது மூச்சை அடக்குவதே பேராபத்து. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இருமடங்காக விரியும். கரையில் நலம் தரும் கும்பகம், கடலில் உயிரைப் பறித்துவிடலாம்.

வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தின் முக்கிய இறக்குமதிச் சரக்குகளில் ஒன்று நிலக்கரி. தூசு மிகுந்த இடத்தில் ஆழ்ந்து மூச்சிழுத்தால் தூசும் ஆழமாகவே உட்செல்லும். தூசால் தழும்பேறிய நுரையீரலை எந்த மூச்சுப் பயிற்சியும் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

இங்கேதான் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. மூடிய கன்வேயர், நீர்த்தெளிப்பு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு நிறுவனம் செலவிட வேண்டும். பயிற்சி வகுப்புக்கு ஆகும் செலவோ சொற்பம். மலிவானதை மட்டும் செய்துவிட்டு மற்றவற்றை ஒத்திப்போட்டால், அந்தச் செலவு மறைந்துவிடாது. மருத்துவச் செலவாகவும் இழந்த கூலியாகவும் தொழிலாளியின் குடும்பத்தின் மீது இறங்கும்.

1908-இல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வுடன் வார விடுமுறையையும் கேட்டார்கள். ஓய்வு, உழைப்பவரின் உரிமை என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

எனவே, மூச்சுப் பயிற்சியைக் கூலியுடன் கூடிய வேலை நேரத்திலேயே, தூசு இல்லாத இடத்தில் அளிக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளர்களுக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கொரு முறை நுரையீரல் திறன் சோதனை செய்ய வேண்டும். சங்கு குளிப்போருக்குப் பாதுகாப்பான மூழ்குமுறையைக் கற்பிப்பதுடன், கம்ப்ரசர் காற்றின் தூய்மையையும் கண்காணிக்க வேண்டும். மூச்சை எப்படி விடுவது என்று தொழிலாளிக்குச் சொல்லித்தருவதற்கு முன், அவர் சுவாசிக்கும் காற்றைத் தூய்மையாக்குவதே முறை.