ஓலமிட்ட கவிஞனும் செவிசாய்த்த நீதவானும்

அமெரிக்கக் கவிஞர் அலன் கின்ஸ்பேர்க்கின் ‘ஹவுல்’ என்னும் நூல் 1956இல் வெளிவந்தது. ‘ஓலம்’ என்பது அதன் பொருள். உலகப் போரை வென்று செல்வத்திற் கொழித்த நாட்டிலே, பித்தராயும் போதைக்கு அடிமையராயும் அலைந்த இளைஞரின் துயரை அவர் பாடினார். பணத்தையும் போர்க்கருவியையும் தொழும் சமுதாயத்தை, பிள்ளைகளைப் பலிகொள்ளும் ‘மோளோக்கு’ என்னும் பழந்தெய்வமாக உருவகித்துச் சாடினார்.

இங்கிலாந்தில் அச்சாகி வந்த 520 பிரதிகளை 1957 மார்ச்சிற் சுங்கப் பகுதியினர் பறிமுதல் செய்தனர். மத்திய அரசின் வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுக்கவே அவை விடுவிக்கப்பட்டன. ஆயினும் சன் பிரான்சிஸ்கோப் பொலிசார் விட்டாரில்லை. பதிப்பாளர் லோறன்ஸ் பேர்லிங்கெற்றியையும் அவர் கடை ஊழியர் ஷிகெயோஷி முராவோவையும் கைது செய்தனர். பாடியவர் மீது வழக்கில்லை. விற்றவர் மீதே வழக்கு!

நூலிலே கொச்சைச் சொற்கள் உள்ளன, நாம் மறுக்கவில்லை. ஆனால், சில சொற்களைப் பொறுக்கியெடுத்து முழுப் பாட்டையும் குற்றவாளியாக்குவது நீதியாகுமா? நீதவான் கிளேற்றன் ஹோர்ன் 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் விடை பகர்ந்தார். நூலை முழுமையாகவே மதிப்பிடல் வேண்டும். சமுதாயப் பயன் சிறிதேனும் உடைய நூல் ஆபாசமாகாது. ஆசிரியன் தன் எண்ணத்தைத் தன் சொற்களாலேயே உரைக்க விடப்படல் வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். பேர்லிங்கெற்றி விடுதலையானார்.

பாட்டுச் சிறந்ததா என்பதைப் படிப்பவர் தீர்மானிக்கட்டும். அழுகுரல் இனிமையாக இல்லையென்று அழுபவன் வாயைப் பொத்துவது சட்டத்தின் கடமையன்று என்பதே எமது துணிபு.