நான் போட்ட சுருக்கொப்பம்

ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் பேப்பரில் ஒரு செய்தி வரும். அங்கீகாரம் இல்லாத தனியார் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள், அங்கீகாரத்தைப் புதுப்பிக்காத பள்ளிகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று. போன வாரம் கடற்கரையில் சாயங்காலம் கூடும் நம் நண்பர்கள் மத்தியில் இதுதான் பேச்சு. "சட்டத்தை இன்னும் கடுமையாக்கணும்" என்றார் ஒருவர். "காசு பார்க்க இன்னொரு வழி, அவ்வளவுதான்" என்றார் தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

2004-இல் எனக்குக் காரைக்காலில் வேலை. காரைக்கால் மாற்றல் என்றால் என்ன என்று நம் ஊர் அரசு ஊழியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பள்ளிக்கூட அங்கீகாரத்துக்குப் பல துறைகளிலிருந்து சான்று வாங்க வேண்டும் அல்லவா? கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று. அவற்றில் ஒன்று எங்கள் மேசையிலிருந்து போகும்.

அந்த வருடம் ஜூன் மாதம் ஒரு நர்சரிப் பள்ளியின் ஃபைல் என்னிடம் வந்தது. சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 'காங்கிரீட் தளம் போட்ட கட்டடம்' என்று விண்ணப்பத்தில் இருந்தது. பொய் இல்லை, கீழே காங்கிரீட்தான். ஆனால் மொட்டை மாடியில் கீத்துக் கொட்டகை போட்டு அதில் யு.கே.ஜி. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வாடகைக்கு இருந்த வீடு அதே தெருவில். காலையில் நான் சட்டை மாட்டும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ராகம் போட்டு வாய்ப்பாடு சொல்வது கேட்கும்.

எங்கள் படிவத்தில் கூரையைப் பற்றிக் கேள்வியே கிடையாது. கூரை இன்னொரு துறையின் விஷயம். முந்தைய வருடக் குறிப்பைப் பார்த்து, 'முன்பு வழங்கியவாறே வழங்கலாம்' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு மேலே அனுப்பினேன். இதற்காக யாரும் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே எல்லாரும் லஞ்சத்தைத்தான் நினைக்கிறார்கள்.

ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிகிறது என்று முற்பகலில் அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. காரைக்காலிலிருந்து பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். எங்களில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சத்துணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கூரைக்குத் தாவியது என்று பிறகு தெரிந்தது. ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள், குறுகலான படிக்கட்டு. இறந்தது 94 பிள்ளைகள். அன்றைக்கு டி.வி.யில் பார்த்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நான் எழுத வேண்டாம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேராக அந்த நர்சரிப் பள்ளிக்குப் போனேன். எனக்கு முன்பே யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவர்களுக்கே பயம் வந்திருக்க வேண்டும். லைட் போட்டுக்கொண்டு இரண்டு ஆட்கள் மாடியிலிருந்து கீற்றுகளைப் பிரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளாளர் வாசலில் நின்றார். என்னை அவருக்குத் தெரியும். "சார், பேப்பர்ல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்றார். அதட்டலாகக் கேட்கவில்லை, கெஞ்சலாகக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

கும்பகோணம் வழக்கில் தீர்ப்பு வரப் பத்து வருடம் ஆனது. 2014 ஜூலை 30-ஆம் தேதி தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுவித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் கல்வித் துறை அலுவலர்களும் பொறியாளர் ஒருவரும் இருந்தார்கள். மேல்முறையீட்டில் 2017-இல் உயர் நீதிமன்றம் சிலரை விடுவித்தது, பள்ளி நிறுவனரின் தண்டனையையும் குறைத்தது. தீர்ப்பு வந்த நாளில் நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். பேப்பரில் அந்தப் பெயர்களை இரண்டு தடவை வாசித்தேன். அந்த இடத்தில் என் பெயர் இல்லாததற்கு என் நேர்மை காரணம் இல்லை. நான் பார்த்த கொட்டகையில் தீப்பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் 'சட்டம் போதாது' என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. நம் புதுச்சேரிக்கென்று 1987-லேயே பள்ளிக் கல்விச் சட்டம் வந்தது. கும்பகோணத்தை அடுத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்கில், கட்டடப் பாதுகாப்பு இல்லாத பள்ளிக்கு அங்கீகாரம் கூடாது, தீயணைப்புக் கருவி வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று 2009-இல் உத்தரவு வந்தது. அதே வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்குமேலும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் என்கிறது. இதற்குமேல் என்ன கடுமை வேண்டும்?

எனக்குத் தெரிந்த குறை வேறு. நான்கு துறைகள், நான்கு சான்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதித் தேதி. பள்ளிக்காரர் வருடம் முழுக்க ஒன்று மாற்றி ஒன்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். தற்காலிக அங்கீகாரம் என்று இழுத்துக்கொண்டே போகும்போது அவருக்கு வேண்டியது தாள்தான். அலுவலகத்துக்கும் தாள்தான் தெரியும். முழுப் பள்ளிக்கூடத்தையும் ஒரே ஆள் ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது என்பது இந்த ஏற்பாட்டில் எங்குமே இல்லை. காசு பார்க்க வழி என்று அந்தக் கணக்காளர் நண்பர் சொன்னாரே, அதிலும் உண்மை உண்டு. தேதி முடியப் போகிற சான்றைக் கையில் வைத்திருப்பவனிடம் பேரம் பேசுவது சுலபம்.

சின்ன வயதில் நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வகுப்புக்கு இன்ஸ்பெக்தர் வருவார். வந்தால் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து ரெஜிஸ்டர் புரட்ட மாட்டார். கடைசி பெஞ்சில் எங்களோடு உட்காருவார். பக்கத்துப் பையனின் நோட்டை வாங்கி, போன மாதப் பாடம் வரைக்கும் புரட்டுவார். எங்கள் மிசியேவுக்கு அன்றைக்குக் கை நடுங்கும், சாக்பீஸ் உடையும். பிரான்சிலும் 1959 தெப்ரே சட்டப்படி, அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் தனியார் பள்ளியின் ஆசிரியருக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது, பதிலுக்கு வகுப்புக்குள் வந்து பார்க்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அடியும் வாங்கியிருக்கிறேன், என் தெருப் பையன்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. வகுப்புக்குள் வந்து உட்கார்ந்த ஒரு மனிதரைத்தான் சொல்கிறேன்.

தனியார் பள்ளிக்காரர்கள் சொல்லும் ஒரு புகார் நியாயமானது. 18-ஆம் பிரிவில் அரசு நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு, அவற்றுக்கு அங்கீகாரச் சான்றே தேவையில்லை. அரசுக் கட்டடம் என்றால் இடியாதா? நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே உட்கார்ந்துபோனதைக் கடற்கரையில் நடக்கும் எல்லாரும் பார்த்தோம். ஒரே அளவுகோல் எல்லாப் பள்ளிக்கும் இருக்கட்டும். இன்னொன்று, அங்கீகாரம் இல்லை என்று ஒரு பள்ளியை வருட நடுவில் பூட்டினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதைப் பூட்டுகிறவர்தான் முதலில் எழுதித் தர வேண்டும்.

என்னைக் கேட்டால், சான்றுகளை ஒன்றாக்கி மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று வைக்கலாம். அதற்குப் பதிலாக, நான்கு துறை ஆட்களும் சேர்ந்து, சொல்லாமல், பள்ளி நடக்கும் நேரத்தில் வருடம் ஒருமுறை வரட்டும். படியில் ஏறி மாடிக்குப் போகட்டும், கழிப்பறைக் கதவைத் திறக்கட்டும், நாலு நோட்டைப் புரட்டட்டும். பார்த்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, யார் பார்த்தார் என்று பெயர் போட்டு, பள்ளி வாசலில் ஒட்டட்டும். பிள்ளையை விட வரும் தாய்மார்கள் அதைப் படிப்பார்கள். மாடியில் கொட்டகை இருப்பதை எழுதாமல் விட்டால், அந்தத் தெருவில் குடியிருப்பவர் ஒருவராவது கேட்பார்.

நான் அந்தத் தெருவில்தான் குடியிருந்தேன், கேட்கவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது.

நேற்றுப் பேத்தியை அழைத்துவரப் போனபோது அலுவலக அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த அங்கீகாரச் சான்றின் தேதியைப் பார்த்தேன். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. பிறகு மாடிப்படி எத்தனை என்று எண்ணினேன். இரண்டு. ஒன்றின் கீழே பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பாதி அடைத்து வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை அம்மாவிடம் சொன்னேன். "எடுத்துடுறோம் ஐயா" என்றார். திங்கட்கிழமை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.