பாட்டிக்குத் தெரிந்த பள்ளம்

சென்ற செமஸ்டரில் எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். நாம் வளர்ந்த ஊரின் பழைய செயற்கைக்கோள் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டு, நிலப் பயன்பாடு எப்படி மாறியிருக்கிறது என்று அறிக்கை எழுத வேண்டும். நான் எங்கள் கூலாயை எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுத்து வருகின்றன. 2008 முதல் அந்தப் படங்களை யாரும் இலவசமாகப் பெறலாம். படத்தை முப்பது மீட்டர் சதுரங்களாகப் பார்த்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் காடு, தோட்டம், கட்டடம், நீர் என்று ஒரு வகையைக் கொடுக்க வேண்டும். கணினியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்தேன். பச்சையாக இருந்த இடங்கள் பல சாம்பல் நிறமாகியிருந்தன. அறிக்கை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அன்று இரவு, மடிக்கணினித் திரையைப் பாட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் தாமான் இருக்கும் இடத்தில் முன்பு ரப்பர் தோட்டம் இருந்தது. பாட்டி அங்கேதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டினார். பழைய படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பள்ளத்துல மழ பேஞ்சா முட்டிக்கால் தண்ணி நிக்கும். அந்த நிரைக்கு யாரும் போக மாட்டோம்" என்றார்.

அந்தப் பள்ளத்தில்தான் இன்று எங்கள் தாமானின் கடைசி இரண்டு வரிசை வீடுகள் நிற்கின்றன. ஆண்டு இறுதி மழையில் அல்லூர் நிறைந்து அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வரும். அங்கே குடியிருப்பவர்கள் குளிர்பதனப் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தே பழகிவிட்டார்கள். என் வரைபடத்தில் அந்த இடம் 'தோட்டம்' என்பதிலிருந்து 'கட்டடம்' ஆகியிருந்தது. அவ்வளவுதான். அது பள்ளம் என்பது என் அறிக்கையில் எங்குமே இல்லை.

நில மாற்றம் கூலாய்க்குப் புதிதல்ல. மழைக்காட்டை அழித்துத்தான் ரப்பர் வந்தது. பிறகு ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் பெயரே கெலாப்பா சாவிட், அதாவது செம்பனை! 2006இல் இஸ்கந்தர் மலேசியா திட்டம் தொடங்கிய பிறகு தாமான்களும் தொழிற்பேட்டைகளும் இன்னும் வேகமாகப் பெருகின. கூலாய் பெசார் தோட்டத்தின் பெரும்பகுதி இன்று இண்டாபுரா நகரம். இப்போது தரவு மையங்களின் முறை. செடெனாக்கில் அவை வரிசையாக எழுகின்றன. 664 ஹெக்டேர் பரப்புள்ள கூலாய் யங் தோட்டத்தை ஒய்டிஎல் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனத்துக்கு விற்பது 2021 இறுதியில் முடிவானது. அங்கே இன்று தரவு மையப் பூங்கா உருவாகி வருகிறது.

நான் மேம்பாட்டுக்கு எதிரானவன் அல்ல. என் அப்பாவே ஒரு தரவு மையக் கட்டுமானத்தில் மின்கம்பி இழுக்கும் வேலை செய்கிறார். அந்தச் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். விடியுமுன் எழுந்து, கொசுக்கடியில் மரம் வெட்டிய பாட்டி அதைக் கேட்டால் சிரிப்பார்.

ஆனால், நிலத்தின் மேல் என்ன நிற்கிறது என்பது நிலத்துக்குக் கீழேயும் ஆற்றிலும் நடப்பதை மாற்றுகிறது. மரங்கள் உள்ள மண் மழைநீரில் ஒரு பங்கை உள்ளே இழுத்து, மெதுவாக ஓடைக்கு விடும். சிமெண்டும் தாரும் மூடிய நிலத்தில் அதே மழை சில நிமிடங்களில் கால்வாய்க்கு ஓடிவிடும். மரம் வெட்டி, மண்ணைத் திறந்து போடும் காலத்தில் சேறும் சேர்ந்து போகும். கூலாய்ப் பக்கம் தொடங்கும் ஸ்கூடாய் ஆறு செனாய், ஸ்கூடாய் வழியாக ஜொகூர் நீரிணையை அடைகிறது. நாம் இங்கே செய்வதைக் கீழே இருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள்.

மாவட்டத்தின் இன்னொரு பகுதி நீர் சாயோங் ஆறு வழியாக ஜொகூர் ஆற்றில் சேர்கிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை எடுப்பது அந்த ஆற்றிலிருந்துதான். 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா கூடியபோது சிங்கப்பூர் அங்குள்ள தன் சுத்திகரிப்பு நிலையத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. தரவு மையங்களைக் குளிர்விக்கவும் ஏராளமான தண்ணீர் வேண்டும். ஒரே ஆற்றை எத்தனை பேர் நம்பியிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் ஆராய நம் பல்கலைக்கழகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் செயற்கைக்கோளிலிருந்து கீழே பார்க்கின்றன. மேலிருந்து பார்த்தால் வளர்ந்த ரப்பரும் காடும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும். புதிதாக நட்ட செம்பனை வெறும் நிலம்போலத் தெரியும். பாட்டி இருந்த லயத்து வீடு ஒரே சதுரத்துக்குள் அடங்கி மறைந்துவிடும். எந்த ஓடை வறட்சியிலும் வற்றாது, எங்கே தண்ணீர் தேங்கும், எந்தப் பக்கம் மண் சரியும் என்பவை தோட்டத்தில் நடந்த கால்களுக்குத்தான் தெரியும். அந்தக் கால்களில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை. தோட்டங்கள் கைமாறியபோது அவர்கள் சிதறிப் போனார்கள். அவர்களோடு அந்த அறிவும் போகிறது.

எனவே, என்னைப் போன்ற மாணவர்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் வரைபடத்தைத் தாளில் வரையச் சொல்லுங்கள். ஓடை, பள்ளம், கிணறு, கோயில், லயம் எல்லாவற்றையும் குறியுங்கள். கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். புவியியல், சுற்றுச்சூழல், நில அளவை படிப்பவர்கள் அதை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கலாம். நம்மில் பலர் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றே யோசிக்கிறோம். இந்தத் துறைக்கும் நாம் வேண்டும். பாட்டியின் தமிழும் ஆய்வுக் கட்டுரையின் ஆங்கிலமும் நகராண்மைக் கழகத்தின் மலாயும் தெரிந்தவர்கள் நாம்தானே?

இரண்டாவது, 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். நம் தாமான்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்? வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு குறை சொல்கிறோம். வீடு கட்டுமுன் அந்த வரைபடத்தைப் பாட்டி ஒருமுறை பார்த்திருந்தால், "இங்கே வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

என் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். கடைசிப் பக்கத்தில் பாட்டி பென்சிலால் வரைந்த படத்தை இணைத்தேன். அதில் அந்தப் பள்ளத்தைச் சுற்றி அவர் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.