எல்லைக் கல்லும் தெருத் தடுப்பும்

நகர சபைகளில் இரண்டு வகைத் தீர்மானங்கள் அதிக விவாதமின்றி நிறைவேறிவிடுவது வழக்கம். ஒன்று, அண்டையிலுள்ள கிராம நிலத்தை நகர எல்லைக்குள் சேர்த்துக்கொள்வது. மற்றொன்று, ஏதேனும் ஒரு காரணத்தைச் சொல்லித் தெருவைச் சில நாள் அடைத்து வைப்பது. இவை சில்லறை விஷயங்கள் என்று அங்கத்தினர்கள் பலர் எண்ணுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. ஒரு குடியானவன் எந்தச் சபைக்கு வரி செலுத்துகிறான், எந்தச் சபையில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறான் என்பதை முதல் தீர்மானம் நிர்ணயிக்கிறது. அவன் தன் வீட்டு வாசலிலிருந்து வயலுக்கும் சந்தைக்கும் எவ்வழியாய்ப் போவது என்பதை இரண்டாவது தீர்மானம் நிர்ணயிக்கிறது. மண்ணும் வழியும் ஜனங்களுடையவை. அவற்றின் மேல் சர்க்காருக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் உள்ள அதிகாரம், ஜனங்களைக் கேட்டுச் செலுத்தவேண்டிய அதிகாரம். இதையே இன்று வற்புறுத்த விரும்புகிறோம்.

2025-ஆம் வருஷம் பிறந்த சமயத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் பல உத்தரவுகளையும் உத்தேச அறிவிப்புகளையும் வெளியிட்டார்கள். புதிதாக 13 நகராட்சிகள், 25 பேரூராட்சிகள் அமைப்பதென்றும், 16 மாநகராட்சிகளையும் 41 நகராட்சிகளையும் விரிவுபடுத்துவதென்றும் அவற்றில் கண்டிருந்தது. இந்த விரிவுக்கு வேண்டிய நிலம் வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகளிலிருந்தே அது வரவேண்டும். அந்த ஊராட்சிகளின் நிலைமை அப்போது என்ன? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில், தேனி மாவட்டம் உள்பட, ஊராட்சித் தலைவர்கள், அங்கத்தினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்கவேண்டுமென்று அரசியல் சட்டம் விதித்திருக்கிறது. ஆயினும் தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

இந்தக் காலப் பொருத்தத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஊரை வேறொரு நகரத்தோடு சேர்க்கும் யோசனை எழுந்த அதே வாரத்தில், அந்த யோசனையைப் பற்றிப் பேசுவதற்கு உரிமை பெற்ற பிரதிநிதிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எஞ்சி நின்றது கிராம சபை ஒன்றுதான். 2025 ஜனவரி 26-ஆம் தேதி கூடிய கிராம சபைகள் பலவற்றில் இணைப்பை எதிர்த்து ஜனங்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவனில்லாத ஊர், தன் வாயாலேயே பேச நேர்ந்தது. அவ்வளவேனும் பேசியது நம் ஜனங்களின் விழிப்புக்கு அடையாளம்.

இது சென்னையையும் கோயம்புத்தூரையும் பற்றிய கவலை, மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கென்ன என்று கம்பம் பள்ளத்தாக்கில் யாரேனும் கேட்பாரானால், அவர் பண்ணைப்புரத்தை நினைத்துப் பார்க்கட்டும். மேடைகளில் பொதுவுடைமை பாடிய பாவலர் வரதராசனும், அவருடைய இளவல் இளையராஜாவும் பிறந்த இந்தச் சிற்றூர் ஒரு பேரூராட்சி. கிராமத்துக்கும் நகரத்துக்கும் நடுவே நிற்கிற ஊர் என்பது அதன் பொருள். 2004-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் 561 பேரூராட்சிகள் ஒரே உத்தரவில் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆயின. கிராமங்களுக்குரிய நிதி கிடைக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2006-இல் மற்றொரு சர்க்கார் வந்து அவற்றை மறுபடியும் பேரூராட்சிகள் ஆக்கினார்கள். இரண்டு வருஷத்துக்குள் ஊர் நகரத்தன்மை இழந்து கிராமமாகி, மீண்டும் நகரத்தன்மை எய்திற்று! இந்த ரசவாதத்தில் ஊராரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர்ப் பலகையை எழுதுபவருக்கு மட்டும் இருமுறை கூலி கிடைத்தது.

தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 22 பேரூராட்சிகள், 130 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையோரமாக ஒன்றன்பின் ஒன்றாய் வரும் பேரூர்களைச் சுற்றிலும் தோட்டமும் வயலும் கண்மாயுமே. 1895-இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வாழ்கிற மண் இந்தப் பள்ளத்தாக்கு. லோயர் கேம்பிலிருந்து வரும் பதினெட்டாம் கால்வாயின் நீரை எதிர்பார்த்து நிற்கும் கண்மாய்கள் இப்பக்கத்தில் பல. இங்கே எல்லைக் கல்லை அரை மைல் தள்ளி நடுவதென்றால், படத்தில் ஒரு கோடு மாறுவதோடு காரியம் முடிவதில்லை. கிராமப்புறத்துக்கென்றே ஏற்பட்ட வேலைத் திட்டத்தில் கூலி பெற்றுவந்த பெண்கள், ஊர் நகரமான மறுநாள் அந்த உரிமையை இழக்கிறார்கள். நகர்ப்புற விகிதத்தில் வீட்டு வரி வருகிறது. 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது மிகச் சிறிய வீட்டுக்கும் நூற்றுக்கு 25 வீதம் கூடியதை ஜனங்கள் மறக்கவில்லை. ஊராட்சியின் பொறுப்பிலிருந்த ஊருணியும் மேய்ச்சல் நிலமும் மந்தைவெளியும் நகர சபையின் கைக்குப் போகின்றன. எல்லை நகரப் போகிறதென்ற செய்தி காதில் விழுந்தவுடனேயே மனை வியாபாரிகள் வந்து வரப்பின் மேல் நிற்கிறார்கள். திராட்சைப் பந்தல் இருந்த இடத்தில் வெள்ளைக் கல் முளைக்கிறது.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். நகரம் வளர்கிறது. அதன் குப்பையும் கழிவுநீரும் எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை. நகரத்தின் சந்தையையும் பஸ் நிலையத்தையும் ஆஸ்பத்திரியையும் உபயோகிக்கும் புறநகர்வாசிகள் அதன் செலவில் பங்கேற்பது நியாயமே. சிறிய ஊராட்சியால் போட இயலாத குடிநீர்க் குழாயையும் சாக்கடையையும் தெரு விளக்கையும் பெரிய சபை போடக்கூடும். கிராமம் என்றால் எல்லாம் தூய்மை, நகரம் என்றால் எல்லாம் கேடு என்று நாம் சொல்ல வரவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் கிராமங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசினார். ஊரும் சேரியுமாகப் பிளந்து கிடக்கும் இடத்தில் ஊர்ச்சபையின் குரல் யாருடைய குரல் என்பது அவருடைய பேச்சைப் படிப்பவருக்கு இன்றும் எழக்கூடிய கேள்வி. அதே மாதத்தில், அதே சபையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துக்களுக்கு இடந்தரும் திருத்தத்தைப் பிரேரேபித்தார். சபை அதை ஏற்றது. அதுவே இன்று அரசியல் சட்டத்தின் 40-ஆம் பிரிவாக விளங்குகிறது. இருவருடைய கருத்தையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. ஊரைக் கேட்கவேண்டும், கேட்கும்போது காலனியையும் கேட்கவேண்டும். பெரிய வீட்டுத் திண்ணையில் நாலு பேரைக் கேட்டுவிட்டு ஊரைக் கேட்டதாக எழுதிக்கொள்வது மோசடி.

நகரத்தோடு சேர்ந்தால் வசதி வரும் என்ற வாக்கின் மதிப்பென்ன என்பதற்கு அனுபவம் இருக்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் ஆகிய 42 ஸ்தாபனங்கள் அதில் கரைந்தன. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பல, பாதாளச் சாக்கடைக்காகப் பத்து வருஷத்துக்கு மேலும் காத்திருந்தன. சேர்க்கும் உத்தரவில் தேதி இருந்தது. வசதி செய்து தரும் வாக்கில் தேதி இல்லை. கடன் பத்திரத்தில் தவணை எழுதாமல் கையெழுத்து வாங்குகிற லேவாதேவிக்காரனை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

சட்டம் இவ்விஷயத்தில் முற்றிலும் மௌனமாயிருக்கவில்லை. 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிச் சட்டத்திலேயே, எல்லையை விரிக்கும் உத்தேசத்தை முன்கூட்டி அறிவித்து, ஆறு வாரத்துக்குள் எழுத்து மூலமான ஆட்சேபணைகளைப் பெற்று, அவற்றை ஆலோசித்த பின்பே முடிவு செய்யவேண்டுமென்ற விதி இருந்தது. அந்நியர் ஆட்சிக் காலத்துச் சட்டம் அது. 1987-இல் இமாசலப் பிரதேச வழக்கொன்றில், கிராம சபைப் பகுதியை நகர்ப்புற ஸ்தாபனத்தில் சேர்க்குமுன் அங்குள்ளவர்களின் வார்த்தையைக் கேட்பது அவசியம் என்று சுப்ரீம் கோர்ட்டார் கூறினார்கள். ஆனால் 1989-இல் தானே மாவட்டத்துக் கல்யாண் மாநகராட்சி வழக்கில், இது சட்டமியற்றுவதைப் போன்ற காரியம். சட்டம் சொல்லும் அளவுக்கு மேல் விசாரணை கேட்க உரிமையில்லை என்றார்கள். ஆகையால் ஜனங்களுடைய பாதுகாப்பு கோர்ட்டைவிடச் சட்டத்தின் வாசகத்திலேயே அதிகம் தங்கியிருக்கிறது. அந்த வாசகம் பலமாயிருக்கவேண்டும். அமெரிக்காவிலுள்ள டெக்ஸாஸ் ராஜ்யத்தில் நகரங்கள் தங்கள் இஷ்டப்படி அண்டை நிலத்தை விழுங்கிவந்த வழக்கத்தை 2017-லும் 2019-லும் இயற்றிய சட்டங்கள் கட்டுப்படுத்தின. இப்போது பெரும்பாலும் அப்பகுதியாரின் சம்மதம் வேண்டியிருக்கிறது. பணத்தையே பிரதானமாகக் கருதும் தேசம் என்று நாம் பேசும் அமெரிக்காவில் குடிகளைக் கேட்கிறார்கள். கிராம ராஜ்யத்தைப் பற்றி நாள்தோறும் பிரசங்கம் செய்யும் நாம் கேட்பதற்குக் கூசுகிறோம்.

இனித் தெரு அடைப்பு. இதில் நம் ஜனங்கள் பொறுமையற்றவர்கள் என்று ஒருவரும் சொல்லமுடியாது. சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவின்போது தேனியிலிருந்து கம்பம் செல்லும் வண்டிகள் வேறு பாதையில் திருப்பிவிடப்படுகின்றன. எவரும் முணுமுணுப்பதில்லை. ஏன்? எந்த நாள் அடைப்பார்கள், எந்த வழியாய்ப் போவது, எந்த நாள் திறப்பார்கள் என்பது மூன்றும் ஊரறிந்த விஷயம். காரணமும் ஊருக்குப் பொதுவானது. இதற்கு மாறாக, குழாய் பதிப்பதற்கென்று ஒரு நாள் காலையில் தெருவைத் தோண்டி, இரண்டு தகரத் தடுப்புகளை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக்காரர் மறைந்துவிடுகிறாரே, அந்த அடைப்புக்கு முடிவு நாள் யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளைகள் சாக்கடை ஓரமாய்ப் பள்ளிக்கூடம் போகிறார்கள். கடைக்காரர் வியாபாரமின்றி உட்கார்ந்திருக்கிறார். பிரசவ வேதனையில் இருப்பவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடவேண்டியிருக்கிறது. பழுது பார்ப்பதற்கும், சாக்கடை, குடிநீர், விளக்கு வேலைகளுக்கும் தெருவைத் தாற்காலிகமாக அடைக்கலாம். ஆனால் வேலையைத் தாமதமின்றி முடித்துத் திறக்கவேண்டும் என்று மேற்சொன்ன 1920-ஆம் வருஷத்துச் சட்டமே கூறிற்று. "தாற்காலிகம்" என்ற சொல்லுக்குத் தேதியில்லாவிட்டால் அது வெறும் பசப்பு வார்த்தை.

தெருவை அடைப்பதென்பது யாரை அடைப்பது என்ற கேள்வியும் நம் நாட்டில் சேர்ந்தே வருகிறது. குமுளி மலைக்கு அப்பால், வைக்கத்தில், கோயிலைச் சுற்றியிருந்த தெருக்கள் ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்கு அடைபட்டிருந்தன. அவற்றைத் திறப்பதற்காக 1924-இல் சத்தியாக்கிரகம் நடந்தது, பெரியார் ஈ.வெ.ரா. சிறை சென்றார். வைக்கம் பழங்கதையாகிவிட்டதென்று எவரும் நிம்மதியடைய வேண்டாம். மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே மாதத்தில்தான். ஆகையால் எந்தத் தெருவை அடைத்தாலும் அந்த அடைப்பின் பாரம் எவர் தலையில் விழுகிறது என்று சபையார் முதலில் விசாரிக்கவேண்டும். எப்போதும் ஒரே தெரு அடைபடுவதும், எப்போதும் ஒரே தெரு திறந்திருப்பதும் தற்செயலாய் நேர்வதல்ல.

தெரு அடைப்புக்கும் எல்லை மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம், அடைத்த தெருவை மறுநாள் திறக்கலாம் என்பதே. கலைத்த கிராம சபையை மறுபடி கூட்டுவது எளிதன்று. நாலு நாள் அடைப்புக்கே முன்னறிவிப்புக் கேட்கும் ஜனங்கள், நாலு தலைமுறைக்கு நிலைக்கும் மாற்றத்துக்கு அதைவிட அதிகம் கேட்பதில் தவறென்ன?

நாம் கோருவது இவை. முதலாவது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி இல்லாத காலத்தில் எந்தக் கிராமத்தையும் எந்த நகரத்தோடும் சேர்க்கலாகாது. தனி அலுவலரின் சம்மதம் ஊரின் சம்மதமாகாது. இரண்டாவது, சேர்க்கும் உத்தேசத்தைக் காலனி உள்பட ஒவ்வொரு குடியிருப்பிலும் தண்டோரா போட்டும் எழுதி ஒட்டியும் அறிவித்து, அதற்கென்றே கிராம சபையைக் கூட்டி, வாக்கெடுக்கவேண்டும். மூன்றாவது, வரி எவ்வளவு கூடும், குடிநீரும் சாக்கடையும் எந்த வருஷத்துக்குள் வரும், வேலையிழப்போருக்கு என்ன ஏற்பாடு என்பவற்றைக் கணக்கோடு உத்தரவிலேயே எழுதவேண்டும். வசதி வரும் வரையில் புதிய விகிதத்தில் வரி வசூலிக்கலாகாது. நான்காவது, கண்மாய், ஊருணி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் ஆகியவை எல்லை மாறினாலும் மனையாக மாறாதபடி பெயர் பெயராகக் குறித்துக் காக்கவேண்டும். ஐந்தாவது, தெருவை அடைக்கும் ஒவ்வொரு உத்தரவிலும் காரணம், மாற்றுப் பாதை, திறக்கும் தேதி மூன்றும் இருக்கவேண்டும். தேதி தவறினால் ஒப்பந்தக்காரர் அபராதம் செலுத்தவேண்டும்.

சபையாரிடம் கோருவதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடவேண்டுமென்பது தமிழ்நாட்டு ஏற்பாடு. அன்று வெற்று நாற்காலிகளுக்கு முன் தீர்மானம் வாசிக்கப்படுமானால் குற்றம் அதிகாரிகளுடையது மாத்திரமல்ல. கட்சித் தொண்டர்கள் மேடைக்கு ஆள் திரட்டும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக் கிராம சபைக்கு ஆள் திரட்டுவதில் செலவிடட்டும். தீர்மானப் புத்தகத்தில் தாங்கள் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடட்டும். எல்லைக் கல் நடுவதற்கு முன் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்தும் வல்லமை ஜனங்களுக்கு உண்டு. அதை அவர்கள் உபயோகிக்கவேண்டிய காலம் இது.