பாட்டு ஒன்று, பொருள் எத்தனை?

நான்கு இரசிகர்கள் ஓரிடத்தில் கூடினால் முதலில் எழும் கேள்வி, "இந்தப் பாட்டை எழுதியவர் யார்?" என்பது. அடுத்து எழுவது, "யாரை நினைத்து எழுதினார்?" என்பது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் குரல்கள் உயர்ந்துவிடும். பாட்டு எந்த மொழிப் பாட்டாக இருந்தாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை.

"வேலையற்றவர்களின் வெட்டிப் பேச்சு" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. நேயர்களே, அப்படி ஒதுக்கிவிடலாகாது. ஒரு பாட்டை யார் எழுதினார், எதைக் கண்டு எழுதினார் என்று கேட்காமல் விட்டதால், குண்டு போட மறுத்தவர்களைப் பற்றிய பாட்டின் பெயரை வெடிகுண்டின் மேலேயே எழுதிய கொடுமையும் இவ்வுலகில் நடந்திருக்கிறது. அந்தப் பாட்டையும் அதைப் பெற்றெடுத்த குழுவையும் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

குழுவின் பெயர் "கிளாஷ்". மோதல் என்று பொருள். ஊர் லண்டன்.

நால்வர் யார்?

1976-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் தெருமுனையில் நின்றார்கள். அன்றைய ராக் இசையோ அவர்களுடைய வாழ்வோடு ஒட்டாமல், செல்வந்தர்களான கலைஞர்களின் நீண்ட நீண்ட வாசிப்பாக மாறிப் போயிருந்தது. அந்த எரிச்சலில் முளைத்ததுதான் "பங்க்" இசை. கித்தாரில் இரண்டு மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், சொல்ல ஒரு சேதி இருந்தால் போதும், மேடை ஏறலாம் என்பது அதன் கொள்கை. பாட்டுகள் குறுகியவை, வேகமானவை, கோபமானவை. கிளாஷ் குழுவின் முதல் மேடை 1976 ஜூலை 4-ஆம் நாள் ஷெபீல்டு நகரில் அமைந்தது.

குழுவில் முன்னே நின்று பாடியவர் ஜோ ஸ்ட்ரம்மர். இயற்பெயர் ஜான் கிரகாம் மெல்லர். 1952-இல் துருக்கியின் அங்காரா நகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் பணியாற்றியவர். அந்தத் தந்தை பிறந்த ஊர் இந்தியாவின் லக்னோ. பெற்றோர் வெளிநாடுகளில் இருக்க, மகன் ஒன்பது வயதிலேயே விடுதிப் பள்ளியில் விடப்பட்டார்.

கித்தார் வாசித்து மெட்டுகள் அமைத்தவர் மிக் ஜோன்ஸ். பெற்றோர் பிரிந்துவிட, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். லண்டனின் மேம்பால நெடுஞ்சாலையைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடி ஒன்றில் பாட்டியோடு குடியிருந்தார். பேஸ் கித்தார் வாசித்தவர் பால் சிமனன். கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்ந்த பிரிக்ஸ்டன் பகுதியின் காற்றைச் சுவாசித்து, ஜமைக்காவின் ரெகே இசையைக் கேட்டு வளர்ந்தவர். டிரம்ஸ் வாசித்தவர் டாப்பர் ஹெடன். தொடக்கத்தில் அந்த இடத்தில் இருந்தவர் டெர்ரி சைம்ஸ். 1977-இல் டாப்பர் வந்து சேர்ந்தார்.

இரசிகர்களின் வாக்குவாதம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. "அரசாங்க ஊழியரின் மகன், விடுதிப் பள்ளியில் படித்தவர், தெருவில் நிற்பவனின் குரலாகப் பாடலாமா?" என்று ஒரு சாரார் ஸ்ட்ரம்மரைக் கேலி செய்வர். "பிறந்த வீட்டைப் பார்க்காதே, பாடிய பாட்டைப் பார்" என்பர் மறு சாரார். சொல்லைப் போலவே செயலையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1979-இல் இவர்கள் வெளியிட்ட "லண்டன் காலிங்" இரண்டு இசைத்தட்டுகள் கொண்டது. ஒரு தட்டின் விலைக்கே விற்கப்பட்டது. மறு ஆண்டு வந்த "சாண்டினிஸ்டா" மூன்று தட்டுகள், 36 பாட்டுகள். அதுவும் ஒரு தட்டின் விலைக்கே. அதற்காகத் தங்களுக்கு வர வேண்டிய பங்குத் தொகையில் ஒரு பகுதியை இவர்கள் விட்டுக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத இளைஞனுக்காகப் பாடுகிறோம் என்று சொல்லிவிட்டு, அவன் வாங்க முடியாத விலையில் விற்கவில்லை. கேலி செய்வோர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சண்டை மூட்டிய முதல் பாட்டு

1977 மார்ச்சில் வெளிவந்த முதல் இசைத்தட்டு "ஒயிட் ரயட்". வெள்ளையர் கலகம் என்று அதன் பொருள். தலைப்பை மட்டும் படித்தவர்கள் இது நிறவெறிப் பாட்டு என்று முடிவு கட்டிவிட்டார்கள். குடியேறியவர்களை விரட்ட வேண்டும் என்று கூச்சலிட்ட கூட்டம் தெருவில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கூட்டத்தாரில் சிலரும் இது தங்கள் பாட்டு என்று எண்ணி மகிழ்ந்தார்கள்.

உண்மை என்ன? 1976 ஆகஸ்டு இறுதியில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரிபியன் மக்களின் திருவிழா நடந்தது. போலீசாரின் கெடுபிடி தாங்காமல் கறுப்பின இளைஞர்கள் எதிர்த்து நின்றார்கள். ஸ்ட்ரம்மரும் சிமனனும் அந்தக் கலவரத்தின் நடுவே அகப்பட்டுக் கொண்டார்கள். அங்கே கண்டதுதான் பாட்டாயிற்று. கறுப்பின மக்கள் தங்கள் மீது சுமத்தப்பட்ட அநீதியைத் தட்டிக் கேட்கிறார்கள். வெள்ளை இளைஞர்களாகிய நாம் மட்டும் தலையைக் குனிந்து போகிறோமே என்ற வெட்கமே அதன் உட்பொருள். எந்த மக்களுக்கு எதிரானது என்று எண்ணப்பட்டதோ, அந்த மக்களைக் கண்டு வியந்து எழுதிய பாட்டு!

1978 ஏப்ரல் 30-ஆம் நாள் லண்டன் விக்டோரியா பூங்காவில் நிறவெறியை எதிர்த்து மாபெரும் இசை விழா நடந்தது. கிளாஷ் குழுவினர் அந்த மேடையில் ஏறி இதே பாட்டைப் பாடினார்கள். தவறாகப் பொருள் கொண்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி வேறு இல்லை.

ஆனாலும் குழுவுக்குள்ளேயே இந்தப் பாட்டால் மனத்தாங்கல் இருந்தது. நாளடைவில் மிக் ஜோன்ஸ் இதை வாசிக்க மனமின்றி இருந்தார். 1980-இல் ஒரு நிகழ்ச்சியில் இதன் பொருட்டே அவருக்கும் ஸ்ட்ரம்மருக்கும் கைகலப்பு நடந்தது. 1983-இல் ஜோன்ஸ் குழுவிலிருந்தே விலக்கப்பட்டார்.

ஆண்டுகள் பல உருண்டன. 2002 நவம்பர் 15-ஆம் நாள் தீயணைப்புத் தொழிலாளர்களின் நிதிக்காக லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில் ஸ்ட்ரம்மர் பாடிக்கொண்டிருந்தார். பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ் கித்தாரை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார். இருவரும் சேர்ந்து வாசித்த பாட்டுகளில் ஒன்று "ஒயிட் ரயட்". ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22-ஆம் நாள், பிறவியிலிருந்தே இருந்தும் கண்டறியப்படாத இதயக் கோளாறினால் ஸ்ட்ரம்மர் காலமானார். வயது 50. அந்த ஒரு மாலைப் பொழுது வாய்த்ததே என்று இரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி நெகிழ்கிறார்கள்.

நண்பனுக்கு எழுதிக் கொடுத்த பாட்டு

"லாஸ்ட் இன் த சூப்பர்மார்க்கெட்" என்றொரு பாட்டு. எல்லாம் குவிந்து கிடக்கும் பேரங்காடியில் தன்னைத் தொலைத்துவிட்ட ஒருவனின் ஏக்கம். பாடியவர் மிக் ஜோன்ஸ். ஆகவே இது அவருடைய சொந்தக் கதை என்று பலர் நம்பினர். ஆனால் எழுதியவர் ஸ்ட்ரம்மர். பெற்றோர் அருகில் இல்லாமல் பாட்டியோடு வளர்ந்த நண்பனின் பிள்ளைப் பருவத்தைக் கற்பனை செய்து, அவருக்குப் பரிசாக எழுதிக் கொடுத்தார்.

விவரம் அறிந்த இரசிகர்கள் இதிலும் ஒரு நுட்பம் காண்பர். பாட்டில் வருவது புறநகர் வீடு. ஜோன்ஸ் வளர்ந்ததோ நகரத்து அடுக்குமாடிகளில். புறநகரில் வீடு வைத்திருந்தவர்கள் ஸ்ட்ரம்மரின் பெற்றோர். நண்பனின் தனிமையை எழுதப் போனவர் தம்முடைய தனிமையையும் சேர்த்தே எழுதிவிட்டார் போலும்!

அதே வேளையில், எல்லாப் பாட்டுக்கும் ஆழம் தேடிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. "ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ" என்ற பாட்டை வைத்து எத்தனை ஊகங்கள்! ஜோன்ஸ் தம் காதலியை நினைத்துப் பாடினார் என்பர் சிலர். குழுவை விட்டு விலகுவதைப் பற்றிப் பாடினார் என்பர் வேறு சிலர். ஜோன்ஸோ, யாரையும் குறித்து எழுதவில்லை, நல்ல ராக் பாட்டாக ஒன்று அமைக்க நினைத்தோம், அவ்வளவுதான் என்றார். 1982-இல் வந்த அந்தப் பாட்டு, 1991-இல் ஒரு கால்சட்டை விளம்பரத்தில் ஒலித்த பிறகு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. குழு கலைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அந்த முதலிடமே இவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிடம்.

குண்டின் மேல் எழுதிய பெயர்

இனி, தொடக்கத்தில் சொன்ன கதைக்கு வருவோம். பாட்டின் பெயர் "ராக் த காஸ்பா". ஆண்டு 1982.

இதன் இசையை அமைத்தவர் டிரம்ஸ் கலைஞர் டாப்பர் ஹெடன். மற்றவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருமுன் வந்த அவர், டிரம்ஸ், பேஸ் கித்தார், பியானோ மூன்றையும் தாமே வாசித்துப் பதிவு செய்துவிட்டார். சொற்கள் ஸ்ட்ரம்மருடையவை. அந்நாட்களில் குழுவினர் அமைத்த பாட்டுகள் நீண்டுகொண்டே போயின. "எல்லாம் இந்திய ராகம் போல நீளத்தான் வேண்டுமா?" என்று குழுவின் மேலாளர் அலுத்துக் கொண்டாராம். அந்த அலுப்பே பாட்டின் முதலடிக்கு வித்தாயிற்று. நம்முடைய "ராகம்" என்ற சொல் இந்த லண்டன் பாட்டுக்குள் புகுந்த கதை இதுதான்.

1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் ஆட்டப் பாட்டு இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்குச் சவுக்கடி கொடுக்கிறார்கள் என்று ஸ்ட்ரம்மர் கேள்விப்பட்டிருந்தார். அதிலிருந்து ஒரு கதை புனைந்தார். ஒரு மன்னன் இசையைத் தடை செய்கிறான். மக்கள் கேட்கவில்லை. போர் விமானங்களை அனுப்பிக் குண்டு போடச் சொல்கிறான். விமானிகளோ ஆணையை விட்டுவிட்டு, தங்கள் விமானத்து வானொலியில் அதே இசையைக் கேட்கத் தொடங்குகிறார்கள். இதுதான் கதை.

1991-இல் வளைகுடாப் போர் மூண்டது. அரபுப் பெயர் கொண்ட பாட்டாயிற்றே, துள்ளலும் இருக்கிறதே என்று அமெரிக்கப் படையினர் இதைத் தங்கள் போர்ப் பாட்டாக எடுத்துக் கொண்டனர். ஈராக் மீது போடுவதற்கு வைத்திருந்த ஒரு குண்டின் மேல் பாட்டின் பெயரும் எழுதப்பட்டது. குண்டு போட மறுத்த விமானிகளைப் பற்றிய பாட்டு! இதைக் கேள்விப்பட்ட ஸ்ட்ரம்மர் மனம் உடைந்து போனார்.

இசையமைத்த டாப்பருக்கு வேறொரு சோகம். போதைப் பழக்கத்தால், பாட்டு புகழ் பெறுமுன்பே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பாட்டுக்காக எடுத்த படத்தில் டிரம்ஸ் முன் அமர்ந்திருப்பவர் பழைய டெர்ரி சைம்ஸ். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு டாப்பரின் பெயரே தெரியாமல் போகும். அவருக்குரிய பெருமையை இன்றுவரை காத்து வருபவர்கள், "இதை அமைத்தவர் யார் தெரியுமா?" என்று விடாமல் கேட்கும் இரசிகர்கள்தாம்.

ஒரு தமிழ்ப் பெண்ணின் கைக்கு வந்த மெட்டு

அதே 1982-இல் வந்த இன்னொரு பாட்டு "ஸ்ட்ரெயிட் டு ஹெல்". போக்கிடம் இல்லாதவர்களின் பாட்டு. ஆலைகள் மூடப்பட்ட ஊர்களின் தொழிலாளர், வந்த நாட்டில் வரவேற்பில்லாத குடியேறிகள், வியட்னாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் என எல்லாரும் அதில் வருகிறார்கள்.

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் 1986-இல் மீண்டும் லண்டனுக்கே அகதியாக வந்த சிறுமி மாதங்கி அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் அறிந்த பாடகி. 2007-இல் தம் தாயாரின் பெயரால் வெளியிட்ட "கலா" தொகுப்பில், இந்த மெட்டின் ஒலியையே அடித்தளமாக்கி "பேப்பர் பிளேன்ஸ்" பாட்டை அமைத்தார். பாட்டுக்கு உரியவர்கள் பட்டியலில் கிளாஷ் நால்வரின் பெயரும் உண்டு. 2008-இல் வந்த "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்திலும் அது ஒலித்தது.

அதற்கும் அதே விதி! பாட்டில் கேட்கும் துப்பாக்கி ஒலியை வைத்து, வன்முறையைப் போற்றும் பாட்டு என்று சிலர் சாடினர். குடியேறி வந்தவனை உலகம் எப்படிச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது என்பதை எள்ளி நகையாடியதே அந்தப் பாட்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் துப்பாக்கி ஒலியை அடக்கித்தான் ஒளிபரப்பினார்கள். ஒலியை அடக்கலாம், கேள்வியை அடக்க முடியுமா?

எனவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பாட்டை எழுதியவர் யார், பொருள் என்ன என்று வாதாடிக் கொண்டிருந்தால் அதட்டி அடக்க வேண்டாம். இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: எழுதியவர் எங்கே நின்று எதைக் கண்டார்? அதை இன்று யார் எதற்குப் பயன்படுத்துகிறார்? இந்த இரண்டையும் கேட்கப் பழகிய காது, பாட்டில் மட்டுமல்ல, மேடைப் பேச்சிலும் விளம்பரத்திலும் எளிதில் ஏமாறாது.