உரிமம் விலைக்கு வந்தால் உயிர் மலிவு!

காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் வீடு திரும்ப வேண்டும். உழைப்பவன் வீட்டில் இதைவிட எளிய ஆசை வேறு உண்டா? மாடி கேட்கவில்லை, மகுடம் கேட்கவில்லை. போனவர் போனபடியே வந்தால் போதும் என்று வாசலில் நிற்கிறாள் அவன் துணைவி.

அந்த ஆசையும் நிறைவேறாமல், 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர் தொகை 1,68,491. நாம் கூட்டிச் சொல்லும் கணக்கல்ல. மத்திய சர்க்காரே அச்சிட்டுத் தந்த கணக்கு. மணிக்குப் பத்தொன்பது பேர்! மாண்டவர் யார்? மாளிகைக் கார்களில் போனவரா? இருசக்கர வண்டியில் போனவரும் நடந்து போனவருமே நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் எந்த மாநிலத்துக்கு? நம்முடைய தமிழ்நாட்டுக்கு! 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். எதிலும் முதலிடம் கேட்கும் நாம், இந்த முதலிடத்துக்குத் தலைகுனியத்தான் வேண்டும்.

குற்றவாளி யார் என்று கேட்டால், “ஓட்டியவன்தான், வேகமாகப் போனான், விழுந்தான், செத்தான்” என்று ஏட்டை மூடிவிடுகிறார்கள். நூற்றுக்கு எழுபத்தோரு சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: ஓட்டத் தெரியாதவன் கையில் உரிமத்தைக் கொடுத்தது யார்?

இந்தக் கேள்விக்கு மேடைப் பேச்சால் அல்ல, சோதனையால் விடை கண்டார்கள் நால்வர். செந்தில் முல்லைநாதன் என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய பொருளாதார அறிஞரும் அவர்களில் ஒருவர். இடம், டில்லி. காலம், 2004, 2005. ஆய்வு அச்சேறியது 2007-இல். ஓட்டுநர் உரிமம் வேண்டி வந்த 822 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு, “சீக்கிரம் உரிமம் வாங்கி வந்தால் பரிசுப் பணம்” என்றார்கள். ஒரு கூட்டத்துக்கு இலவசமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் கூட்டத்தை அதன் போக்கில் விட்டார்கள். உரிமம் கைக்கு வந்தபின், “வாருங்கள், ஓட்டிக் காட்டுங்கள்” என்று தாங்களே ஒரு தேர்வு வைத்தார்கள்.

கண்டது என்ன? எந்தச் சலுகையும் பெறாத அந்த மூன்றாம் கூட்டத்தில், உரிமம் பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேர் சர்க்கார் வைக்கும் ஓட்டுத் தேர்வையே கண்ணால் காணவில்லை! நூற்றுக்கு 62 பேர் ஆய்வாளர் வைத்த தேர்வில் தேறவில்லை! சர்க்கார் கட்டணம் ஏறத்தாழ 450 ரூபாய். உரிமம் பெற்றவர் சராசரியாகச் செலவிட்டதோ 1,120 ரூபாய். மிச்சப் பணத்தின் பெரும் பங்கு போன வழிக்குப் பெயர் தரகர். அவசரப் பரிசுக்கு ஆசைப்பட்டவர்கள் தரகரிடம் ஓடினார்கள். ஓட்டத் தெரியாமலே உரிமம் பெற்றார்கள். தரகரை நாடாமல் நேர்வழியில் போனவர்களோ தேர்வில் கண்டபடி தோற்கடிக்கப்பட்டார்கள். திறமைக்கும் அந்தத் தோல்விக்கும் தொடர்பே காணோம்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஆய்வாளர்கள் ஆட்களைத் தரகர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். “முகவரிச் சான்று இல்லை” என்றபோது தயங்கிய தரகர்கள் உண்டு. “ஓட்டத் தெரியாது” என்றபோது? அது ஒரு தடையாகவே தோன்றவில்லை! காகிதம் இல்லாதவனுக்குக் கதவு பாதி அடைப்பு. கை தேறாதவனுக்குக் கதவு முழுத் திறப்பு!

லஞ்சம் என்றால் ஒருவன் பையிலிருந்து மற்றொருவன் பைக்குப் பணம் மாறுவதுதானே என்று எண்ணிவிடுகிறோம். அல்ல, தோழர்களே! பணம் மட்டும் மாறினால் நட்டம் பையோடு போகும். இங்கே தகுதி மாறுகிறது. தேறியவன் வெளியே நிற்கிறான். தேறாதவன் சாலைக்கு வருகிறான். கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் லாபம். விலை கொடுப்பவனோ, அந்தச் சாலையோரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் மூன்றாமவன்!

“அது இருபது ஆண்டுக்கு முந்திய டில்லிக் கதை” என்பார்கள். சரி. அதன்பின் கணினி வந்தது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. உரிமமின்றி ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆயிற்று. ஆனால் உரிமம் உள்ளவனுக்கு ஓட்டத் தெரியுமா என்று அந்த அபராதச் சீட்டு கேட்குமா? எட்டுப் போட்டு உரிமம் வாங்கினோமா, ஏஜெண்டுக்குக் கொடுத்து வாங்கினோமா என்று அவரவர் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கட்டும்; டில்லி எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே நாம் கேட்பது இவை. தேர்வு, கண்முன் நடக்கட்டும். காமிரா பதியட்டும், கருவி மதிப்பெண் போடட்டும். தோற்றவனுக்கு ஏன் தோற்றான் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஏழைப் பிள்ளைக்கு ஓட்டுப் பயிற்சி இலவசமாகக் கிடைக்கட்டும். உரிமம் கொடுத்தபின், லாரி ஓட்டும் தோழனை இரவும் பகலும் விழிக்க வைக்கும் முதலாளியையும் சட்டம் பிடிக்கட்டும். நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-லேயே மோட்டார் தொழிலாளர் சட்டம் சொன்னது. தூங்கும் கண்ணுக்கு எந்த உரிமம் என்ன செய்யும்?

பிறரை மட்டும் கேட்டுவிட்டு நாம் தப்பிக்கலாகாது. அதே 2022-இல் தலைக்கவசம் இன்றிச் சென்று மாண்டவர் 50,029 பேர். ஊர்வலத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு வெறுந்தலையோடு, ஒரே வண்டியில் மூவராகப் பறக்கும் தம்பிமார் நம்மிடையே இல்லையா? கொள்கைக்குத் தலை கொடுப்பது வீரம். தார்ச்சாலைக்குத் தலை கொடுப்பது என்ன வீரம், தம்பி?

மகன் பதினெட்டு வயதை எட்டியதும் தரகரைத் தேடாதீர்கள், தோழர்களே. மைதானத்துக்கு அழைத்துப் போங்கள், கற்றுக்கொடுங்கள். முதல் நாள் தோற்றால் தோற்கட்டும். தேர்வில் தோற்றவன் மறுமாதம் எழுந்து வருவான். சாலையில் தோற்றவன் வருவதில்லை!